போடோக்சைக் கரைக்க மாற்று ஊசி கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழின் அழகுப் பக்கத்தில், முகச் சுருக்கத்துக்குப் போடும் போடோக்ஸ் ஊசியைப் பற்றி, “போடோக்ஸ் தசையை உறைய வைக்கிறது, பிடிக்காவிட்டால் மாற்று ஊசி போட்டுக் கரைத்துக்கொள்ளலாம்” என்று ஒரு வரி வந்திருந்தது. பக்கத்திலேயே நரம்பு முனையின் படம். வரியின் முதல் பகுதி அரைகுறை, இரண்டாம் பகுதி முழுத் தவறு. படத்தில் ஓர் அம்புக்குறி தலைகீழாக இருக்கிறது. தீபாவளி நெருங்குகிறது. நம் மலேசியாவில் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், பினாங்கு லிட்டில் இந்தியா என்று எங்கு பார்த்தாலும் “நெற்றிக்கு மட்டும் இவ்வளவு, முழு முகத்துக்கு இவ்வளவு” என்ற விலைப்பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றும் பருவம் இது. “கரைத்துக்கொள்ளலாம்” என்ற ஒரு சொல்லை நம்பி யாரும் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. உதட்டையும் கன்னத்தையும் எடுப்பாக்க ஊசி வழியாக ஏற்றும் ஃபில்லர் என்பது வேறு சரக்கு. அதில் பெரும்பாலும் இருப்பது ஹயலுரோனிக் அமிலக் கூழ். அது தோலுக்கு அடியில் கட்டியாகத் தங்கும். ஹயலுரோனிடேஸ் என்ற நொதியைச் செலுத்தினால் அந்தக் கூழ் கரையும். போடோக்ஸ் அப்படி எங்கும் தேங்கி நிற்பதில்லை. அது நரம்பு முனைக்குள் புகுந்து, அங்கே உள்ள ஒரு புரதத்தை வெட்டுகிறது. தசையை அது தொடுவதே இல்லை. வெட்டுப்பட்ட புரதம் எது, அதன் வேலை என்ன என்று தெரிந்தால், மாற்று ஊசி ஏன் இருக்க முடியாது என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

நரம்பு முனைக்கும் தசைக்கும் நடுவே சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி உண்டு. மூளையில் நரம்பணுவுக்கும் நரம்பணுவுக்கும் நடுவே அது 20 நானோமீட்டர் அளவுதான். படிவம் 4 மாணவர்கள் உயிரியலில் சினாப்ஸ் என்று படிப்பது இதைத்தான். நரம்பில் ஓடிவரும் மின்துடிப்பு இந்த இடைவெளியைத் தாண்டாது. தாண்டுவது ஒரு வேதிப்பொருள். நாம் நினைத்து அசைக்கும் தசைகளைப் பொறுத்தவரை அது அசெட்டைல்கோலின். சிறு சிறு பொட்டலங்களாக, 40 முதல் 50 நானோமீட்டர் குறுக்களவுள்ள நுண்பைகளில் அது நரம்பு முனைக்குள் காத்திருக்கும். ஒரு பையில் பல ஆயிரம் மூலக்கூறுகள். வெளியேறும்போது முழுப் பொட்டலமாகத்தான் வெளியேறும், அரைப் பொட்டலம் என்ற பேச்சில்லை. 1950களில் லண்டனில் பெர்னார்ட் காட்ஸ் குழுவினர் தவளைத் தசையில் மின்முனை வைத்து அளந்து கண்டது இது. அவருக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது.

பொட்டலம் எப்படி உடைகிறது? நுண்பையின் உறையும் நரம்பு முனையின் உறையும் கொழுப்புப் படலங்கள். அவற்றைச் சும்மா பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தள்ளுமே தவிர ஒட்டாது. ஒட்டவைப்பவை மூன்று புரதங்கள். நுண்பையில் நட்டுக்கொண்டிருப்பது சினாப்டோபிரெவின். ஒரு பையில் ஏறத்தாழ 70 இருக்கும். நரம்பு உறையில் இருப்பவை சின்டாக்சின், ஸ்னாப்-25. இவை சேர்ந்து போடுவது அச்சு அசல் நாலு கால் பின்னல். சினாப்டோபிரெவின் ஒரு கால், சின்டாக்சின் ஒரு கால், ஸ்னாப்-25 இரண்டு கால். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தலைமுடியைப் பின்னும்போது வேரில் தொடங்கி நுனிக்குப் போகிறோம். இங்கே பின்னல் நுனியில் தொடங்கி வேரை நோக்கி இறுகுகிறது. வேர்கள் இரண்டும் இரண்டு உறைகளில் ஊன்றியிருப்பதால், கடைசி முறுக்கு விழும்போது பை சுவரோடு இழுபட்டு, இரண்டு படலமும் ஒன்றாகி, உள்ளிருப்பது இடைவெளியில் கொட்டுகிறது. அந்தக் கடைசி முறுக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போடோக்சின் கதை முழுவதும் அங்கேதான் நடக்கிறது.

பின்னல் கண்ட நேரத்தில் இறுகினால் உடம்பு தாங்காது. அதற்குக் காவல் உண்டு. மங்க்-18 என்ற புரதம் சின்டாக்சினை மடக்கிப் பிடித்திருக்கும். மங்க்-13 அந்த மடிப்பைத் திறந்துவிட்ட பிறகுதான் பின்னல் தொடங்கும். மங்க்-18ஐ வெறும் காவலாள் என்று நினைத்துவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் பின்னலே விழாது. கைக்குழந்தைப் பருவத்திலேயே வரும் கடுமையான வலிப்பு வகை ஒன்றுக்கு அதன் மரபணுவில் உள்ள பழுதே காரணம். பாதி இறுகிய பின்னலைக் காம்ப்ளெக்சின் பிடித்து நிறுத்தி வைக்கும். சினாப்டோடாக்மின் கால்சியத்துக்காகக் காத்திருக்கும்.

உங்கள் படம் தவறியது இங்கே. கால்சியம் நரம்பு முனையிலிருந்து வெளியே போவதாக அம்புக்குறி போட்டிருக்கிறது. கால்சியம் உள்ளே வர வேண்டும். வெளியே உள்ள செறிவு உள்ளே உள்ளதைப்போல் 10,000 மடங்குக்கும் மேல். மின்துடிப்பு வந்ததும் கால்சிய வாயில்கள் திறக்கும், கால்சியம் உள்ளே பாயும். வாயிலுக்கு மிக அருகில் அதன் செறிவு நூறு மடங்குக்கு மேல் எகிறும். சினாப்டோடாக்மின் அதைப் பிடித்துக்கொண்டு உறைக்குள் தன் முனையைச் செருகும், கடைசி முறுக்கு விழும். வாயில் திறந்ததிலிருந்து பொட்டலம் உடைவது வரை ஆகும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வேலை முடிந்த பின்னலை என்எஸ்எஃப் என்ற புரதம், உயிரணுவின் எரிபொருளான ஏடிபியின் ஆற்றலைச் செலவழித்து அவிழ்க்கும். அவிழ்ந்த இழைகள் மறுபடி பயன்படும். இந்தப் பொறியமைப்பைத் துண்டு துண்டாகக் கண்டறிந்ததற்காக ராத்மன், ஷெக்மன், சூடோஃப் மூவரும் 2013இல் நோபல் பெற்றனர்.

இனி போடோக்ஸ். அதில் இருப்பது போட்டுலினம் நச்சின் ‘ஏ’ வகை. அது நரம்புக்குள் நுழையும் தந்திரம் கொஞ்சம் வேடிக்கையானது. நுண்பையின் உட்சுவரில் எஸ்வி2 என்றொரு புரதம் உண்டு. பை உடைந்து கொட்டும் கணத்தில் அது வெளியே முகம் காட்டும். நச்சு அதைப் பற்றிக்கொள்ளும். காலிப் பையை நரம்பு திரும்ப உள்ளே இழுக்கும்போது நச்சும் கூடவே போய்விடும். பையை மறுபடி நிரப்ப நரம்பு அதற்குள் அமிலம் ஏற்றும். அந்த அமிலம் பட்டதும் நச்சின் வடிவம் மாறி, அதன் சிறு பாதி பையின் சுவரைத் துளைத்து நரம்பணுவின் உட்புறத்தில் இறங்கும். கடையின் சொந்த லாரியிலேயே திருடன் ஏறி வருவதுபோல. அதிகம் உழைக்கும் நரம்பு அதிகமாக நச்சை வாங்கிக்கொள்வதும் இதனால்தான். (வலிப்புக்குத் தரும் லெவெட்டிராசெட்டம் மாத்திரை பற்றுவதும் எஸ்வி2 குடும்பத்துப் புரதத்தைத்தான். அதற்காக அந்த மாத்திரை நச்சைத் தடுக்கும் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம்.)

உள்ளே இறங்கிய சிறு பாதி துத்தநாக அணு ஒன்றைத் தாங்கிய கத்தரி. ஸ்னாப்-25 புரதத்தில் 206 அமினோ அமிலங்கள் உண்டு. கத்தரி வெட்டி எறிவது கடைசி 9 மட்டுமே. அந்த ஒன்பதும் இருப்பது பின்னலின் வேர்ப்பக்கம், கடைசி முறுக்கு விழும் இடத்தில். பின்னல் பாதிவரை விழும், முடியாது. கால்சியம் வரும், சினாப்டோடாக்மின் துடிக்கும், பை உடையாது. தசைக்குக் கட்டளை போகாது, நெற்றி சுருங்காது. ‘உறைவது’ என்று நீங்கள் எழுதியது இதைத்தான். தசையில் குறை ஒன்றுமில்லை; அதற்குச் செய்தி வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது மாற்று ஊசி என்ற பேச்சுக்கு வருவோம். வெட்டுப்பட்ட ஸ்னாப்-25ஐ ஒட்டவைக்கும் மருந்து எதுவும் இல்லை. நரம்பு புதிய ஸ்னாப்-25ஐச் செய்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் கத்தரி உள்ளேயே மாதக்கணக்கில் தங்கி, வருவதையெல்லாம் வெட்டுகிறது. ‘ஈ’ வகை நச்சு ஸ்னாப்-25இல் 26 அமினோ அமிலங்களை வெட்டுகிறது. வெட்டு பெரிது. ஆனாலும் அதன் கத்தரி விரைவில் சிதைந்துவிடுவதால் பாதிப்பு சில வாரங்களில் நீங்கும். ஆகவே வெட்டின் நீளத்தைவிடக் கத்தரியின் ஆயுள்தான் முக்கியம். எதிர்நச்சு மருந்து இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அது இரத்தத்தில் மிதக்கும் நச்சைத்தான் பிடிக்கும், நரம்புக்குள் போய்விட்டதைத் தொட முடியாது. எலிகளில் பார்த்தால், முடங்கிய முனையின் பக்கவாட்டில் நரம்பு புதுத் துளிர் விட்டுத் தசையைத் தற்காலிகமாகத் தொடுகிறது. பழைய முனை தேறிய பிறகு துளிர்கள் சுருங்கிவிடுகின்றன. அதற்குச் சுமார் 3 மாதம் பிடிக்கிறது. மனிதர் நெற்றியில் ஊசியின் பலன் 3 முதல் 4 மாதம் நீடிப்பதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

இந்தக் கணக்குத் தெரியாததால்தான் அழகு நிலையங்களில் தவறு நடக்கிறது. நச்சு உள்ளே போய், வெட்டி, பலன் தெரிய 2 முதல் 5 நாள் ஆகும். முழுப் பலனுக்கு இரண்டு வாரம். (தீபாவளிக்கு முதல் நாள் போட்டுக்கொள்பவருக்குத் தீபாவளியன்று பழைய நெற்றிதான்.) “ஒன்றும் தெரியவில்லையே” என்று மூன்றாம் நாள் வந்து நிற்பவருக்கு இன்னொரு ஊசி போடுவதே முதல் பிழை. முதல் ஊசியும் இரண்டாவதும் சேர்ந்து பத்தாம் நாளில் வேலையைக் காட்டும். இமை சரியக்கூடும். பழுதுபார்க்கும் ஊசி போடுவதானால் இரண்டு வாரம் பொறுத்துத்தான். முழுச் சுற்று மறுபடி போட மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும். அடிக்கடி போட்டால் உடம்பு எதிர்ப்புப் பொருள் உண்டாக்கி, பின்னாளில் உண்மையான நோய்க்குத் தேவைப்படும்போது இந்த மருந்து பலிக்காமல் போகலாம்.

இரண்டாவது பிழை கலவையில். போடோக்ஸ் பொடியாகக் குப்பியில் வரும். 100 அலகுக் குப்பியில் 0.9 விழுக்காடு உப்பு நீர் 2.5 மில்லி லிட்டர் விட்டால் 0.1 மில்லியில் 4 அலகு. புருவ நடுச் சுருக்கத்துக்கு ஐந்து இடங்களில் 4 அலகு வீதம் மொத்தம் 20. அதே குப்பியில் 1 மில்லி மட்டும் விட்டுக் கலக்கினால் 0.1 மில்லியில் 10 அலகு போய்விடும். ஊசிக்குழலில் பார்த்தால் இரண்டும் ஒரே அளவு நீர்தான், வேறுபாடே தெரியாது. இதே ‘ஏ’ வகை நச்சை வேறு நிறுவனம் விற்கும் டிஸ்போர்ட் ஊசியில் பழகிய கை இன்னும் ஆபத்து. அதில் இதே இடத்துக்கு 50 அலகு போடுவார்கள். அந்தப் பழக்கத்தில் போடோக்சையும் 50 என்று போட்டால் இரண்டரை மடங்கு. ஒரு நிறுவனத்தின் அலகு இன்னொரு நிறுவனத்தின் அலகுக்கு ஈடாகாது. கலந்த மருந்தை 2 முதல் 8 பாகை குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது போடோக்ஸ் குப்பியின் விதி. ஒரு குப்பியை நாலு நாள், நாலு பேருக்குப் பங்கு வைத்தால் பலமும் குறையும், கிருமியும் சேரும்.

மூன்றாவது, இடம். கண்குழி எலும்பின் மேல் விளிம்பிலிருந்து 1 சென்டிமீட்டராவது மேலே தள்ளிப் போடாவிட்டால் மருந்து பரவி, மேல் இமையைத் தூக்கும் தசையின் நரம்பை எட்டக்கூடும். இமை சரிந்தபின் செய்ய முடிந்தது குறைவு. அப்ராக்ளோனிடின் 0.5 விழுக்காடு கண் சொட்டு இமையை 1, 2 மில்லிமீட்டர் தூக்கித் தரும். அது வெட்டை ஆற்றுவதில்லை. இமைக்குள் இருக்கும் இன்னொரு சிறு தசையை, வெட்டுப்படாத வேறு வழியில் தூண்டுகிறது. மற்றபடி வாரக்கணக்கில் காத்திருப்பதுதான். குரல் மாறுவது, விழுங்கச் சிரமம், இரட்டைப் பார்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் நிலையத்துக்குத் தொலைபேசி போட்டுக்கொண்டிராமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஊசி போட்ட சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். தசைக்களைப்பு நோயான மயஸ்தீனியா உள்ளவர்கள், கர்ப்பிணிகள் பக்கமே போகக் கூடாது. ஜென்டாமைசின் வகைக் கிருமிக்கொல்லி மருந்து எடுப்பவர்கள் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த மருந்தும் இதே பொட்டலங்கள் வெளியேறுவதைக் குறைக்கிறது.

நம் நாட்டில் இந்த ஊசியைப் போட அழகுக்கலைஞருக்கு அனுமதி இல்லை. பதிவு பெற்ற மருத்துவராக இருந்து, அழகியல் மருத்துவத்துக்கான சுகாதார அமைச்சின் எல்சிபி சான்றும் வைத்திருக்க வேண்டும். குப்பியின் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கும். சான்றைக் காட்டுங்கள், பெட்டியைக் காட்டுங்கள், எத்தனை மில்லி விட்டுக் கலந்தீர்கள் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மாற்று மருந்து உண்டா இல்லையா என்பது பொறியின் எந்தப் பாகம் தடைப்பட்டது என்பதைப் பொறுத்தது. பிரசவ வார்டில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. கர்ப்பகால இரத்த அழுத்தம் முற்றி வலிப்பு வரும் நிலையில் தாய்க்கு மக்னீசியம் சல்பேட் 4 கிராம் மெதுவாக ஏற்றி, பிறகு மணிக்கு 1 கிராம் வீதம் கொடுப்பார்கள். மக்னீசியம் கால்சிய வாயிலில் குறுக்கே நிற்கும். அளவு மீறினால் பொட்டலங்கள் வெளியேறுவது குறைந்து தசை தளரும். தாதியர் முழங்காலில் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்ப்பது அதற்குத்தான். மூச்சு மந்தமாவதற்கு முன்பே முழங்கால் துள்ளல் மறைந்துவிடும். அப்போது 10 விழுக்காட்டுக் கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி ஏற்றினால் வாயிலில் கால்சியத்தின் கை ஓங்கும், நிலைமை திரும்பும். இங்கே எதுவும் வெட்டுப்படவில்லை, வழிதான் அடைபட்டது. அதனால் மாற்று உண்டு. கட்டுவிரியன் நஞ்சில் உள்ள ஒரு பகுதி நரம்பு முனையையே நாசமாக்குகிறது. அங்கே எதிர்நஞ்சு முன்கூட்டிச் சேர்ந்தால்தான் உண்டு, பிந்தினால் செயற்கைச் சுவாசத்தோடு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில் கடிக்கும், வலியும் வீக்கமும் அதிகம் இருக்காது. “ஒன்றுமில்லை, காலையில் பார்க்கலாம்” என்று படுத்துவிடுவதில்தான் ஆபத்து.

ரண ஜன்னி எனப்படும் டெட்டனசையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதன் நச்சும் ஒரு துத்தநாகக் கத்தரிதான். சினாப்டோபிரெவினை வெட்டுகிறது. போட்டுலினத்தின் ‘பி’ வகையும் அதே புரதத்தை அதே இணைப்பில் வெட்டுகிறது. ஆனால் ஒன்றில் உடம்பு துவள்கிறது, மற்றதில் வில்லாக விறைக்கிறது. காரணம் கத்தரி போய்ச் சேரும் இடம். போட்டுலினம் தசைக்கு அருகிலேயே தங்கி ‘சுருங்கு’ என்ற கட்டளையை நிறுத்துகிறது. டெட்டனஸ் நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் நரம்பணுக்களின் பொட்டலங்களை அடைக்கிறது. தடுப்பாளர் இல்லாமல் எல்லாத் தசையும் ஒருசேரச் சுருங்கும். இங்கும் உள்ளே போன நச்சை எதிர்ப்பொருள் எட்டாது, ஆகவே முன்கூட்டிய தடுப்பூசி ஒன்றே வழி. நம்மில் பலருக்குப் படிவம் 3இல் பள்ளியில் போட்டதே கடைசி. பத்தாண்டுக்கு ஒரு முறை போட வேண்டும். மண்ணோ துருவோ பட்ட காயமானால், கடைசி ஊசி போட்டு ஐந்தாண்டு தாண்டியிருந்தாலே போட்டுக்கொள்ள வேண்டும்.

பிறந்த குழந்தைக்குச் சேனை என்று நாக்கில் தேன் தடவும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தேனில் போட்டுலினக் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர் குடலில் அவை பொதுவாக முளைப்பதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து, அங்கேயே நச்சைச் சுரக்கும். தேனைக் காய்ச்சிக் கொடுத்தாலும் பயனில்லை. நச்சு 85 பாகை சூட்டில் 5 நிமிடத்தில் அழியும், வித்து கொதிநீரிலும் பிழைத்துக்கொள்ளும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் உறிஞ்சுவதில் சோர்வு, அழுகைச் சத்தம் மெலிவது, தலை நிற்காமல் துவள்வது என்று வரிசையாக வரும். பாட்டிமார்களிடம் இதை விளக்க ஸ்னாப்-25 தேவையில்லை. ஒரு வயது முடியட்டும் என்றால் போதும்.

வரும் ஞாயிறு திருத்தம் வெளியிடும்போது “கரைத்துக்கொள்ளலாம்” என்ற சொல்லை எடுத்துவிட்டு, “3 முதல் 4 மாதம் பொறுத்திருக்க வேண்டும்” என்று போடும்படி கேட்டுக்கொள்கிறோம். படத்தை மறுபடி அச்சிட்டால் கால்சியத்தின் அம்புக்குறியை உள்நோக்கித் திருப்பிவிடுங்கள். எஸ்பிஎம் பள்ளித் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளும் உங்கள் பக்கத்தைக் கத்தரித்து வைக்கிறார்கள்.

இப்படிக்கு,
நரம்பு உடலியல் கற்பிக்கும் இருவர்,
பினாங்கு